கத்தி போய்க் கத்திரிக்கோல் வந்த குசினி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வந்த பரிஸ் பயணக் கட்டுரையை ஆசையோடு படித்தேன். அங்கே எந்தத் தெருமூலைக் கடைக்குள் நுழைந்தாலும் சாப்பாடு பழுதில்லை என்று எழுதியவர் முடித்திருந்தார். அந்தக் கடைகளின் பின்பக்கத்தில் முப்பது வருடம் நின்றவன் நான். அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

1988இல் இங்கே வந்தேன். மொழி தெரியாது, விசாவும் சரியில்லை. எங்கள் ஆட்கள் பலரைப் போல எனக்கும் முதலில் கிடைத்தது கோப்பை கழுவும் வேலை. பதினோராம் வட்டாரத்தில் ஒரு பழைய உணவகம், பெயர் வேண்டாம். கோப்பையிலிருந்து மரக்கறி வெட்டுக்கு, அங்கிருந்து அடுப்படிக்கு என்று ஏற எட்டு வருடம் எடுத்தது. (யாழ்ப்பாணத்தில் நாங்கள் சமையலறையைக் குசினி என்பதும் பிரெஞ்சுக்காரர் சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எங்களுக்கு அது போர்த்துக்கீசர் விட்டுப்போனது. எனக்கு விளங்கிய முதல் பிரெஞ்சுச் சொல் அதுவாகத்தான் இருக்கும்.)

கடையின் பேரெல்லாம் வெங்காய சூப்பில்தான் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு இருந்தால் பத்துக் கிலோ வெங்காயம் உரித்துச் சீவி முடியப் பத்தரை ஆகும். ஊர் ஞாபகத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஷெஃப் தோளில் தட்டுவார். சில நாள் அதுவும் உண்மைதான். பிறகு வெண்ணெயில் போட்டுச் சிறுநெருப்பில் ஒரு மணித்தியாலம், கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் தேன் நிறமாகி, அடிப்பிடிக்கத் தொடங்கும் நேரம் கொஞ்சம் வெள்ளை வைன் ஊற்றிச் சுரண்டினால் எழும் வாசம் தெருவில் போகிறவனையும் உள்ளே இழுக்கும். அதற்கு மேல், முதல் நாளே மாட்டெலும்பு போட்டுக் கொதிக்கவைத்த சாறு. காய்ந்த பாண் துண்டு, துருவிய சீஸ், கடைசியில் போறணைச் சூடு. பழைய லே ஆல் சந்தையில் விடிய விடிய மூட்டை சுமந்தவர்கள் குடித்த சூப் அது. சந்தையை 1969இல் நகரத்துக்கு வெளியே றான்ஜிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சூப் நகரத்திலேயே நின்றுவிட்டது.

போன மாதம் என் அறுபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு மகளும் மருமகனும் அதே கடைக்குக் கூட்டிப்போனார்கள். கதிரை, சுவர்க்கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கின்றன, முதலாளிதான் வேறு. முன்பு கரும்பலகையில் சோக்கால் எழுதியிருக்கும்: முதலில் சாப்பிட மூன்று, பிறகு சாப்பிட மூன்று. இப்போது பிளாஸ்டிக் உறை போட்ட ஆறு பக்கம், நாற்பது வகை. நாலு பேர் தோள் முட்டாமல் நிற்க முடியாத குசினி அது. அங்கே நாற்பது வகை எப்படி வரும்? எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

சூப் ஐந்து நிமிடத்தில் வந்தது. விளிம்பு நாக்கைச் சுட்டது, நடுவில் சீஸுக்குக் கீழே இளஞ்சூடுதான். வெங்காயம் எல்லாம் ஒரே தடிப்பு. நிறம் கறுத்திருந்தது, வதங்கிய வாசம் இல்லை, இனிப்பு மட்டும் தனியாக நின்றது. மகள் எடுத்த வைனில் வேகவைத்த மாட்டிறைச்சியில் கரட் எல்லாம் ஒரே அச்சில் அடித்த காசு போல. மருமகனின் வாத்துக்காலில் தோல் ஈரத்துணி மாதிரி. நான் கரண்டியால் கிண்டிக் கிண்டிப் பார்ப்பதைக் கண்டு மகள், "அப்பா, நீங்கள் இண்டைக்கு வேலைக்கு வரேல்லை, சாப்பிட வந்தனீங்கள்" என்றாள். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். மூன்று பேருக்கு 127 யூரோ.

வெளியே வந்தால் பின்வாசலில் ஒரு தமிழ்ப் பொடியன் சிகரெட்டோடு நிற்கிறான்.

"தம்பி, உள்ளுக்கை ஆர் சமைக்கிறது?"

"சமைக்கிறதோ? பையைச் சுடுதண்ணியிலை போட்டிட்டு, கத்திரிக்கோலாலை வெட்டி ஊத்துறதுதான் ஐயா."

ஷெஃப் எனக்குத் தந்த முதல் கத்தி இன்னும் வீட்டில் இருக்கிறது.

முதலாளியை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் எனக்கு விருப்பமில்லை. அந்த நல்ல சூப்புக்குள் சம்பளச் சிட்டையில் ஏறாத எங்கள் மணித்தியாலங்களும் கிடந்தன. காலை ஒன்பதிலிருந்து மூன்று, பிறகு ஆறிலிருந்து நள்ளிரவு. அந்தப் பொடியனும் அப்படி முறிய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வாடகை ஏறிவிட்டது, குசினிக்கு ஆள் கிடைப்பதும் கஷ்டம். அதெல்லாம் சரி. ஆனால் 2009 ஜூலையில் உணவகங்களுக்கான வரியை அரசு 19.6 வீதத்திலிருந்து 5.5க்கு இறக்கியபோது, விலை குறைப்போம், ஆள் எடுப்போம் என்று முதலாளிமார் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது நின்ற கடையில் கோப்பி விலை கொஞ்சம் குறைந்தது. வெங்காயம் உரிக்கப் புதிதாக ஒருவரும் வரவில்லை. 2014இல் வரி 10 வீதத்துக்கு ஏறியது, கோப்பியும் பழைய விலைக்கே போனது.

அதே 2014இல் ஒரு சட்டமும் வந்தது. பச்சைப் பொருளில் தொடங்கித் தன் குசினியிலேயே செய்த உணவுக்குப் பக்கத்தில் கடைக்காரர் 'ஃபே மேஸோன்', அதாவது இங்கேயே செய்தது, என்று போடலாம். சட்டிக்கு மேல் கூரை வைத்தது போல ஒரு சின்னமும் உண்டு. உறையவைத்த பச்சை இறைச்சிக்கும் மரக்கறிக்கும் அதில் இடம் இருக்கிறது. ஆகவே சின்னத்தைக் கண்டவுடன் காலையில் சந்தைக்குப் போய் வந்திருக்கிறார் என்று நம்பிவிடத் தேவையில்லை. ஆனாலும் வேறு எங்கேயோ சமைத்துப் பொதி செய்ததைச் சூடாக்கிவிட்டு அதைப் போட முடியாது. அன்றைக்கு அந்த ஆறு பக்கத்தையும் புரட்டித் தேடினேன். ஒரே ஒரு இடத்தில் இருந்தது, பழச் சலாதுக்குப் பக்கத்தில்.

நல்ல கடைகள் இல்லாமல் போகவில்லை. எங்கள் பொடியன்களே ஷெஃப்பாக நிற்கும் கடைகளும் இருக்கின்றன. பட்டியல் சின்னதாக, மத்தியானத்தில் பக்கத்து வேலைத்தலத்து ஆட்கள் வந்து குந்துகிற இடமாகப் பார்த்துப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம் இராது. உங்கள் கட்டுரையாளர் அடுத்த தடவை வரும்போது, சிவப்புக் கட்டம் போட்ட மேசைவிரிப்பைப் படம் எடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே பட்டியலில் எத்தனை வகை, குசினிக்குள் எத்தனை பேர் என்றும் எண்ணி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குசினிக்காரன் ஒருவன்,
பரிஸ்.