கம்பத்தில் இடம்: கேபிள், இணையச் சேவையாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாகிகள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இந்த ஆண்டு செயற்குழுக் கூட்டங்களில் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொண்டது ஒரே விஷயம்தான்: மின்கம்பத்தில் நம் கேபிள் எந்த விதிப்படி, எந்த உயரத்தில், எவ்வளவு சுமையோடு நிற்கிறது?

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் கீழ் வந்த வழியுரிமை விதிகள் (பிறர் இடத்தின் வழியே கேபிள் கொண்டுசெல்வது பற்றியவை) 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. கேபிள் டிவி மட்டும் நடத்துபவருக்கு 1995-ஆம் ஆண்டு கேபிள் சட்டத்தின் 4பி பிரிவு பொருந்தும். 2025 ஜனவரி 17 முதல் உள்ளூர் ஆபரேட்டர் பதிவு தபால் நிலையத்தில் இல்லை. மத்திய அரசின் பிராட்காஸ்ட் சேவா இணையதளத்தில் 5,000 ரூபாய் கட்டிப் பதிவுச் சான்றிதழ் வாங்கினால் ஐந்தாண்டுக்குச் செல்லும். இந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் எந்தக் கம்பத்திலும் ஏறலாம் என்று நம்மில் சிலர் இன்னும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கம்பம் மின்வாரியத்தின் சொத்து. அதில் கேபிள் கட்டத் தனி எழுத்து அனுமதி வேண்டும்.

இனி கம்பத்துக்கு வருவோம். எட்டு மீட்டர் சிமென்ட் கம்பத்தில் ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் போய்விடும். வெளியே நிற்பது ஆறரை மீட்டர். அதன் மேல்பகுதி மின்கம்பிகளுக்கு. சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர், சாலையோடு போவது 5.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மின் பாதுகாப்பு விதி. நம் கேபிள் அதற்கும் கீழே, ஆனால் கண்டெய்னர் லாரியின் நான்கரை மீட்டருக்கு நன்றாக மேலே. மிச்சமிருப்பது இரண்டு மூன்று அடிதான். அமெரிக்கத் தரநிலையில் மின்கம்பிக்கும் தொலைத்தொடர்பு கேபிளுக்கும் நடுவே 40 அங்குலம் விடுகிறார்கள். நம் எட்டு மீட்டர் கம்பத்தில் அதற்கு இடமே கிடையாது. ஆகவே சாலையைக் கடக்கும் இடத்தில் எட்டு மீட்டர் கம்பத்தை உறுப்பினர்கள் பயன்படுத்தக் கூடாது, 9.14 மீட்டர் கம்பம் இருக்கும் இடமாகப் பார்த்துக் கடக்க வேண்டும், இல்லையென்றால் சாலைக்கு அடியில் பைப்.

கேபிளின் தொய்வைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட வேண்டும். மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள கேபிளை 50 மீட்டர் இடைவெளியில் 100 கிலோ இழுவையில் கட்டினால் நடுவில் 31 சென்டிமீட்டர் தொங்கும். இழுவை பாதியானால் தொய்வு 62. அதே 100 கிலோ இழுவையில் ஒரு கம்பத்தைத் தாண்டி அடுத்ததில் கட்டினால், இடைவெளி இரட்டிப்பாகித் தொய்வு நான்கு மடங்கு, ஒன்றேகால் மீட்டர். லாரியில் மாட்டி அறுந்த கேபிள்களைப் பார்த்தால் பெரும்பாலும் இப்படி கம்பம் தாண்டிக் கட்டியவையாகவே இருக்கும்.

தொங்கக் கூடாது என்று இறுக்கிக்கொண்டே போவதும் தீர்வல்ல. கடைசிக் கம்பத்தில் மொத்த இழுவையும் ஒரே பக்கம் விழும். எட்டு மீட்டர் கம்பத்தின் வேலைச்சுமை, அதாவது அது தாங்கக்கூடிய பக்கவாட்டு இழுவை, 200 கிலோ என்றால், அது உச்சியிலிருந்து 60 சென்டிமீட்டர் கீழே கணக்கிடப்பட்டது. 4.8 மீட்டரில் கட்டிய மூன்று கேபிள்கள், ஒவ்வொன்றும் 100 கிலோ இழுத்தால், அந்தப் புள்ளியில் ஏறக்குறைய 245 கிலோவுக்குச் சமம். மின்கம்பியின் இழுவையை இதில் சேர்க்கவில்லை! முனையிலும் திருப்பத்திலும் ஸ்டே கம்பி (கம்பத்தைச் சாய்வாக இழுத்துத் தரையில் கட்டும் கம்பி) இல்லாமல் கட்டுவது இனி சங்கத்தின் பார்வையில் குற்றம். ஸ்டேயில் இன்சுலேட்டர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கேபிள் வகையிலும் ஒரு முடிவு எடுத்துள்ளோம். மின்கம்பத்தில் இனி ஏ.டி.எஸ்.எஸ். ஃபைபர் (தன் எடையைத் தானே தாங்கும் கேபிள்) மட்டுமே, அதில் உலோகம் இல்லை. தாங்குவதற்கு ஸ்டீல் கம்பி சேர்ந்த, வெட்டுமுகம் 8 போல இருக்கும் கேபிள் அறுந்து மின்கம்பியில் பட்டால், அடுத்த தெரு வரை கேபிள் முழுக்க மின்சாரம் வந்துவிடும். பழைய கோஆக்சியல் (உலோகக் கேபிள்) இருக்கும் இடங்களில் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு எர்த் கட்டாயம். 11 கே.வி. கம்பத்தில் எதையும் கட்டக் கூடாது.

சிமென்ட் கம்பத்தில் துளை போடாதீர்கள். உள்ளே இழுத்துக் கட்டிய கம்பி அறுந்தால் கம்பத்தின் பலமே போச்சு. கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்குவதும் வேண்டாம், துருப்பிடித்து ஒரு மழையில் விட்டுவிடும். பட்டை கிளாம்ப் போட்டு, முனையில் டென்ஷன் கிளாம்ப், இடையில் சஸ்பென்ஷன் கிளாம்ப். லைன்மேன் ஏறும் பக்கம் காலியாக இருக்க வேண்டும். உபரி ஃபைபரைச் சுருட்டும்போது 12 மி.மீ. கேபிளுக்கு வளைவின் ஆரம் 12 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, இழுக்கும்போது 24. சின்ன வளையமாக மடக்கிக் கட்டிவிட்டு, சிக்னல் குறைகிறது என்று ஸ்ப்ளைஸை (ஃபைபர் இணைப்பை) திரும்பத் திரும்பப் பிரிப்பதில் பயனில்லை.

நம்மீது வரும் புகார்களில் நியாயமானது செத்த கேபிள் பற்றியது. வாடிக்கையாளர் போனபின்னும், கோஆக்சியலை ஃபைபராக மாற்றியபின்னும் பழையது அப்படியே தொங்குகிறது. எடையும் காற்றின் தள்ளலும் அதற்கும் உண்டு, உரிமையாளர்தான் இல்லை. கம்பம் மாற்றும் இடத்தில் இது இன்னும் மோசம். புதுக் கம்பம் நட்டு மின்கம்பியை மாற்றிவிடுகிறார்கள். நம் கேபிள் மாறாததால் அடி அரித்த பழைய கம்பம் பக்கத்திலேயே நிற்கிறது. சில இடங்களில் அந்தக் கம்பத்தைத் தாங்கி நிற்பதே நம் கேபிள்தான்!

எனவே புதுக் கேபிள் இழுக்குமுன் அதே பாதையில் தன் செத்த கேபிளை இறக்க வேண்டும். ஒவ்வொரு கம்பத்திலும் பெயர், தொலைபேசி எண் உள்ள அட்டை தொங்க வேண்டும். அட்டை இல்லாத கேபிளுக்காக மின்வாரியத்திடம் சங்கம் பேசாது. கம்பம் மாற்றும் தகவல் வந்தால் ஏழு நாளில் கேபிளை மாற்ற வேண்டும். பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் சொல்லி, லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்திவிட்டதாக மின்வாரியம் தரும் அனுமதி) வாங்கி, எர்த் ராடு போட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே கம்பத்தில் ஆள் ஏற வேண்டும். "கரண்ட் போயிருக்கு" என்று தெருவில் யாரோ சொன்னது லைன் கிளியர் ஆகாது. எதிர் வீட்டு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ கம்பியில் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பலாம்.

அனுமதிக் கட்டணத்தைத் தவணையில் செலுத்தும் கோரிக்கை நிலுவையில் உள்ளது. அட்டை அச்சடிக்கும் செலவைச் சங்கம் ஏற்பதா, உறுப்பினர் ஏற்பதா என்பதை இப்பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்துக்குள் அவரவர் பாதையின் கம்பப் பட்டியலைச் செயலாளரிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்