சரளமாகப் பேசினால் மட்டும் மதிப்பெண் வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்யூனிகேஷன் பாடங்களில் மதிப்பெண் போடுவது ஆசிரியரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது என்று சென்ற இதழில் ஒரு மாணவர் கொதித்து எழுதியிருந்தார். அந்தப் பாடத்தைப் பல வருடங்களாக நடத்தி, கட்டுக்கட்டாகத் தாள் திருத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கிலத் தேர்வுத் தாளை நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஒருவர் 64 போட, இன்னொருவர் 98 போட்டிருந்தார். மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்பவர்களுக்காக அடுத்த வருடமே வடிவகணிதத் தாளை அனுப்பினார்கள், அங்கே இடைவெளி இன்னும் பெரிதாக இருந்தது! இந்தக் குளறுபடியைக் குறைக்கத்தான் இன்று ரூப்ரிக் என்கிற மதிப்பீட்டு அட்டவணை இருக்கிறது, உள்ளடக்கத்துக்கு இவ்வளவு, அமைப்புக்கு இவ்வளவு, பேசும் முறைக்கு இவ்வளவு, மேற்கோள் காட்டும் ஒழுங்குக்கு இவ்வளவு என்று.

மீதிப் பாதிக்கு மாணவர்களும் பதில் சொல்ல வேண்டும். அந்த அட்டவணையைப் பெரும்பாலானோர் மதிப்பெண் வந்த பிறகுதான் திறந்தே பார்க்கிறார்கள். "நல்லாத்தானே பேசினேன்" என்று வருகிற மாணவரிடம் அட்டவணையைக் காட்டினால், பேசும் முறைக்கு அதில் நான்கில் ஒரு பங்குதான் இருக்கும். அதை அவர் முழுசாக வாங்கியும் இருப்பார். போனதெல்லாம் ஆதாரம் இல்லாத வாதத்திலும், யாருக்காகப் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லாத உள்ளடக்கத்திலும்தான்.

இந்தப் பாடத்தின் உயிரே அந்த 'யாருக்கு' என்ற கேள்விதான். யார், என்ன, எந்த வழியில், யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார் என்று அமெரிக்க அறிஞர் லாஸ்வெல் 1948-இல் கேட்ட ஐந்து கேள்விகளை எல்லோரும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள், ஆனால் தங்கள் பிரசன்டேஷனைத் தயாரிக்கும்போது அதில் ஒன்றைக்கூடத் தங்களிடம் கேட்டுக்கொள்வதில்லை. 'பகுப்பாய்க' என்று கேள்வியில் இருந்தால் வரையறையும் படமும் மட்டும் போட்டுவிட்டு வருவார்கள். வரையறை சரியாகவே இருக்கும், அதற்குரிய இரண்டு மதிப்பெண் கிடைக்கும், மீதி எட்டு எங்கே போயிற்று என்று அப்புறம் சண்டை. ஒரு விளம்பரத்தையோ ஒரு செய்தியையோ எடுத்து அந்த ஐந்து கேள்விகளும் அதில் எங்கே பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்று எழுதியிருந்தால் அந்த எட்டில் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும்.

நேரக் கணக்கும் அப்படித்தான். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் வரை போகும். அப்படியென்றால் ஐந்து நிமிடப் பேச்சுக்கு 750 சொற்களே அதிகம், இவர்கள் 1200 எழுதி வந்து, கடைசி நிமிடத்தில் முடிவுரையை விழுங்கிவிட்டு ஓடுகிறார்கள். வீட்டில் ஒருமுறை செல்பேசியில் பதிவு செய்து கேட்டாலே இது தெரிந்துவிடும். (பதிவில் தன் குரலைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பார்கள், இருக்கட்டும்.)

எதில் உழைப்பைப் போடுவது என்பதிலும் கணக்கு தேவை. வினாடி வினாவுக்கு மொத்தத்தில் 10 சதவீதமும் இறுதி அறிக்கைக்கு 40 சதவீதமும் என்றால், வினாடி வினாவில் நூற்றுக்குப் பத்து கூடுதலாக எடுத்தாலும் மொத்தத்தில் ஏறுவது 1 தான், அறிக்கையில் அதே பத்து ஏறினால் 4. ஒரு பாடத்துக்கு எவ்வளவு எடை என்று காட்டும் கிரெடிட்டும் இதே கதைதான். 4 கிரெடிட் பாடத்தில் 9 புள்ளியும் 2 கிரெடிட் பாடத்தில் 6 புள்ளியும் வாங்கினால் சராசரி 7.5 வராது, 8 வரும். உங்கள் துறையில் மதிப்பீடு வகுப்பின் மற்றவர்களோடு ஒப்பிட்டா, நேரடி மதிப்பெண்ணா என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் ஒப்பிட்டுப் போடும் இடத்தில் 78 எடுத்தாலும் 'ஏ' கிரேடு வராமல் போகலாம், தாள் கடினமாக இருந்தால் 61-க்கே வந்தாலும் வரும்.

குழு வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யார் எதைச் செய்தார்கள் என்று தொடக்கத்திலிருந்தே எழுதி வைத்தால் போதும்.

மதிப்பெண் குறைந்தால் "ஏன் சார் குறைச்சீங்க" என்று வராதீர்கள். "அட்டவணையில் எந்த வரியில் குறைந்தது, அடுத்த நிலைக்கு அதில் என்ன எழுதியிருக்க வேண்டும்" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் உட்கார்ந்து பேசுவார். அதுவும் வரைவு நிலையில், கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் வந்து கேட்பவர்களுக்குத்தான் அதிகப் பயன். துறைகளும் தங்கள் பங்குக்கு அசைன்மென்ட் கொடுக்கும் அன்றே அட்டவணையையும், பழைய நல்ல தாள் ஒன்றைப் பெயர் மறைத்தும் கொடுக்க வேண்டும். சில துறைகள் இதைச் செய்வதில்லை, அந்த விஷயத்தில் கடிதம் எழுதிய மாணவர் பக்கம்தான் நான்.

இப்படிக்கு,
தாள் திருத்தும் ஒரு வாசகன்