66 அடி ஒழுங்கை: ஒரு நகரசபைக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய நகரபிதா அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இந்த விடயமாக உங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றும் ஆங்கிலத்தில் போயின. மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: தங்கள் கருத்து பெற்றுக்கொள்ளப்பட்டது, நன்றி. பெற்றுக்கொண்டதை யாராவது வாசித்தார்களா என்பது பதிலில் இல்லை. ஆகவே இந்தமுறை தமிழில் எழுதுகிறேன். நீங்கள் வாசிக்காவிட்டாலும், சனி ஞாயிறுகளில் உங்கள் ஊருக்கு நடக்க வருகிற எங்கள் ஆட்களாவது வாசிப்பார்கள். சபையில் யாருக்கும் ஆர்வம் வந்தால் மொழிபெயர்த்துத் தர நான் ஆயத்தம். காசு வேண்டாம்.

கேட்பது ஒன்றுதான். ஒன்ராறியோ மாகாணத்தின் நெடுந்தூர நடைபாதையான புரூஸ் நடைத்தடம் போகிற அந்தத் திறக்கப்படாத தெருநிலத்தைப் பக்கத்துக் காணிக்காரருக்கு விற்காதீர்கள்.

பின்னணி உங்களுக்குத் தெரியும். உங்கள் வரைபடத்தில் அது ஒரு நேர்கோடு, 66 அடி அகலம். அந்தக் காலத்து அளவைச் சங்கிலி ஒன்றின் நீளம் அது. ஒன்ராறியோவைக் கட்டம் கட்டமாகப் பிரித்த நில அளவையாளர்கள், நயாகராப் பாறைச்சரிவு குறுக்கே வந்தபோதும் கோட்டை நிறுத்தவில்லை. தாளில் நேரே இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். வண்டி ஏற முடியாத சரிவு என்பதால் தெரு வரவேயில்லை. நிலம் மட்டும் பொதுநிலமாகவே கிடந்தது. அதில் ஆட்கள் நடந்தார்கள், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்களுக்கு இதன் பெயர் ஒழுங்கை. காணி உறுதியில், போய்வரும் உரிமையைச் சொல்லும் 'வழி வாய்க்கால்' என்று ஒரு சொல் இல்லாவிட்டால் அந்தக் காணியை ஒருவரும் வாங்கமாட்டார்கள். ஒழுங்கையை விழுங்க நினைப்பவர் ஒவ்வொரு மாரிக்கும் வேலிக் கதியாலை அரை அடி தள்ளி நடுவார், அதுவும் இரவில். அதில் கொஞ்சம் வெட்கமாவது இருந்தது. உங்கள் சபையில் நிகழ்ச்சிநிரலில் 'உபரி நிலம்' என்று ஒரு வரி போட்டு, பட்டப்பகலில் கை உயர்த்தி, ஒழுங்கை முழுவதையும் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

உபரி என்ற சொல்தான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. குயின்ஸ்டனிலிருந்து டோபர்மோரி வரை 900 கிலோமீட்டருக்கு மேல் போகிற தடம் அது. 1960-இல் ஹமில்ட்டன் இரும்பாலையில் வேலைசெய்த ரே லோவ்ஸும் இன்னும் மூன்று பேரும் கூடி ஒரு குழு அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஃபிலிப் கோஸ்லிங் பண்ணை வீடுகளின் கதவைத் தட்டித் தட்டி, உங்கள் காணிக்குள்ளால் ஆட்கள் நடந்துபோகலாமா என்று கேட்டார். பலர் ஆம் என்றார்கள். பத்திரம் இல்லை, கைகுலுக்கல்தான். 1967-இல் தடம் முழுதாகத் திறந்தது. இன்றைக்கும் பல இடங்களில் அந்தக் கைகுலுக்கலில்தான் அது ஓடுகிறது. பெரியவர் போய், பிள்ளைகள் காணியை விற்று, புதிதாக வந்தவர் 'வேண்டாம்' என்றால், அடுத்த வாரமே நாங்கள் வழிகாட்டும் வெள்ளைக் குறிகளை மரங்களிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டுத் தெருவோரத்துக்குப் போகவேண்டும். அது அவருடைய உரிமை, அதில் எங்களுக்குக் கோபமில்லை. புரூஸ் நடைத்தடப் பாதுகாப்பு அமைப்பு காசு சேர்த்துத் துண்டு துண்டாகக் காணி வாங்குவதும் இதனால்தான். தனியார் காணிக்கே மன்றாடி வழி கேட்கிற ஓர் அமைப்பு, பொதுநிலம் இருக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சுவிடும். நீங்கள் அந்த இடத்தை விற்கப்போகிறீர்கள்.

நான் அமைப்பின் சார்பில் எழுதவில்லை. அவர்கள் என்னைவிட நிதானமானவர்கள். தடத்தைப் பராமரிக்கிற ஒன்பது கிளப்புகளில் ஒன்றில், மாதம் இரண்டு சனிக்கிழமை கத்தரியும் மண்வெட்டியும் கொண்டுபோகிற ஒரு தன்னார்வலர், அவ்வளவே. அந்த ஒழுங்கையில் சரிவு கூடின இடத்தில் பதினான்கு படிகள் இருக்கின்றன. மரச்சட்டத்தை அடித்து, சரளையை வாளி வாளியாகச் சுமந்து நிரப்பினது நாங்கள். பாதையை வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து வெட்டாவிட்டால் மழைத்தண்ணீர் தடத்தையே வாய்க்காலாக்கிவிடும் என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர் எண்பது வயதை நெருங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். உங்கள் ஊர்க்காரர்தான், உங்களுக்கு வரி கட்டுகிறவர். சபைக்கு இந்தப் படிகளால் ஒரு சதம் செலவில்லை.

இனி மே மாதத்துக் கதை. 'விடயம் முடிவாகும் வரை' என்று அறிவித்தல் ஒட்டி, ஒழுங்கையின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்தீர்கள். நடப்பவர்கள் மாவட்டத் தெருவால் சுற்றிப் போகவேண்டும், 1.8 கிலோமீட்டர். சபை அறிக்கை இதைச் 'சிறு அசௌகரியம்' என்கிறது. அறிக்கை எழுதியவர் அதை நடந்து பார்த்தாரா என்று கேட்க ஆசை.

நான் நடந்தேன், அம்மாவோடு. அம்மாவுக்கு 72 வயது. சலரோகம், நடக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்ன நாளிலிருந்து ஸ்காபரோவில் மோலுக்குள் வட்டமடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ட்ரெயிலுக்குப் போவோம் என்று கூப்பிட்டேன். "ரெயிலிலையோ? எந்த ஸ்டேசன்?" என்று கேட்டார். மூன்று வருடத்தில் அந்தப் பகுதித் தடத்தைத் துண்டு துண்டாக எண்பது கிலோமீட்டர் நடந்துவிட்டார். வெள்ளைக்குறி இரண்டு ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால் தடம் திரும்புகிறது என்று இப்போது அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

அந்தத் தெருவில் வேகம் 80 என்று பலகை சொல்கிறது. தெருவோரம் என்பது ஒரு பாதம் அகலத்துக்குச் சரளை, அதற்கு அப்பால் தண்ணீர் ஓடுகிற கான். கல்லுடைக்கும் இடங்களிலிருந்து சரளை லொறிகள் வரிசையாக வந்தன. முதல் லொறியின் காற்று அம்மாவின் தொப்பியைக் கொண்டுபோயிற்று. இரண்டாவது லொறியின் சத்தம் கேட்டதும், நான் திரும்பிப் பார்க்கும் முன்பே, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கானுக்குள் இறங்கிவிட்டார். முழங்கால் வரை சேறு. லொறி போய்த் தூசி அடங்கினபிறகும் குந்திக்கொண்டே இருந்தார். அம்மா, எழும்புங்கோ என்றேன். எழும்பி, சேலைக்காரி மாதிரிக் காற்சட்டையை உதறிவிட்டுச் சிரித்தார். "ஆமி ட்றக் வரேக்கை இப்பிடித்தான் வேலியோடை ஒட்டிறது. கால் தானாப் போகுது பிள்ளை."

அந்த 1.8 கிலோமீட்டரில் நாங்கள் ஐந்து முறை கானுக்குள் இறங்கினோம். ஆறாவது தடவை அம்மாவின் கணுக்கால் புரண்டது. முறிவில்லை, மூன்று கிழமை வீக்கம். அதற்குப்பிறகு அவர் மோலுக்குள் வட்டமடிக்கப் போய்விட்டார்.

அந்தத் தெருநிலத்தை விற்றுவிட்டால், மே மாதத்துச் சுற்றுவழிதான் நிரந்தரத் தடம். நீங்கள் வாக்களிக்கப்போவது அதற்குத்தான் என்பதால் இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

கடந்த கூட்டத்தில் உங்களில் ஒருவர், "பிரச்சினை உள்ளூர்க்காரர்களால் அல்ல, நகரத்திலிருந்து வருகிறவர்களால்தான்" என்றார். நான் பின்வரிசையில் இருந்தேன். 'நகரத்திலிருந்து வருகிறவர்கள்' என்று சொன்னபோது பல தலைகள் என் பக்கம் திரும்பின. என் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிளப் தோழியும் ரொறன்ரோதான், அவர் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. சரி, விடுவோம். குப்பை போடுகிறார்கள் என்பது உண்மை. எங்கள் ஆட்களும் போடுகிறார்கள். வாழைப்பழத்தோல் உக்கிவிடும் என்று என்னிடமே வாதாடுகிற மாமாமார் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு மடல் எழுதவேண்டும். ஆனால் அந்தக் குப்பையைப் பொறுக்குகிறதும் நகரத்திலிருந்து வருகிற நாங்கள்தான்.

வாகனம் நிறுத்துவதும் அதே கதை. ஒருகாலத்தில் எட்டுக் கார் நிற்கிற இடம் இருந்தது. கூட்டம் கூடினதும் 'நிறுத்தாதே' பலகை வைத்தீர்கள், பிறகு தண்டப்பணச் சீட்டு. பேருந்தும் இல்லை. காரில் வந்தால் தண்டம், பேருந்தில் வர வழியில்லை, நடந்து வந்தால் லொறி. பரசூட்டில் இறங்க அனுமதி உண்டா என்று விதிகளில் தேடிப் பார்த்தேன், அதைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. இவ்வளவுக்கும் உங்கள் சுற்றுலாப் பிரசுரத்தின் அட்டையில் இருக்கிறது எது? எங்கள் பதினான்கு படிகள். விற்றபிறகு அட்டையில் காணிக்காரரின் புதுவேலியைப் போடுங்கள், நல்ல வேலியாகத்தான் இருக்கும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கூட்டம் கூடினால் செய்வதற்கு வேறு வழி உண்டு என்பதைத்தான் சொல்லவந்தேன். கலிடனில் செல்ட்டன்ஹம் பாட்லாண்ட்ஸ் என்ற செம்மண் மேட்டை ஆட்கள் மிதித்தே தேய்த்துவிட்டார்கள். 2015-இல் மூடினார்கள், பலகைப்பாதையும் வாகனத் தரிப்பிடமும் போட்டு 2018-இல் திறந்தார்கள். யாரும் மேட்டை விற்கவில்லை. காணிக்காரரின் கவலை தன் மாட்டுப்பட்டியும் தனிமையும் என்றால், அதுவும் நியாயம்தான். வேலி போட நாங்கள் ஆள் தருகிறோம், நடப்பவர்கள் வேலியைத் தாண்ட ஏணிப்படியும் கட்டித் தருகிறோம். நிலம் சபையின் பெயரிலேயே இருக்கட்டும். எப்படியும் விற்றுத்தான் ஆகவேண்டும் என்றால், நடைவழி உரிமையை உறுதியில் எழுதி வைத்துவிட்டு விற்கலாம். 2016-இல் மாகாணம் கொண்டுவந்த நடைத்தடச் சட்டத்தில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. எங்கள் பாஷையில் வழி வாய்க்கால். ஒரு வரி போதும்.

ஆனால் எங்கள் முதல் வேண்டுகோள் பழையதுதான்: விற்காதீர்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். போனமுறை ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு மூன்றரை நிமிடத்தில் மணி அடித்தீர்கள். இந்தமுறை ஐந்து நிமிடமும் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவும் வருகிறார். அவருக்கு ஒரு கேள்வி இருக்கிறதாம், ஒரு நிமிடம் போதும் என்கிறார். மொழிபெயர்க்க நான் இருப்பேன். கூட்டத்துக்கு வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்தலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்தால் நன்று.

நன்றியுடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தன்னார்வலர்