எந்த இடத்தில் கவனம் விலகியது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் உன் மகளின் மூன்று பாடல்களும் வந்து சேர்ந்தன. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. இங்கும் குறை ஒன்றுமில்லை. கச்சேரிகளை வெகுவாகக் குறைத்துக்கொண்டேன். மேல் ஸ்தாயியில் குரல் முன்போல் நிற்பதில்லை. ஆனால் காது நன்றாக இருக்கிறது. இப்போதெல்லாம் மெட்டமைக்கப் பழகும் பிள்ளைகளோடுதான் பொழுது போகிறது. அவர்கள் கொண்டுவரும் முதல் பாடல்களைக் கேட்பதைப் போல எனக்கு நிறைவு தரும் வேலை வேறில்லை. ஆகவே நீ இவற்றை அனுப்பியதைத் தொந்தரவாக நினைக்கவே வேண்டாம்.

வகுப்பில் எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்றார்களாம். ஒரு மூத்த வித்வான் மட்டும் இரண்டாவது பாட்டைக் கேட்டுவிட்டு "இது மோகனமும் இல்லை, பாட்டும் இல்லை" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அவள் ஹார்மோனியத்தைத் தொடவில்லை. இவளுக்குத் திறமை இருக்கிறதா, உண்மையைச் சொல் என்று கேட்டிருக்கிறாய்.

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. மூன்று பாடல்களை வைத்து யாராலும் அதைச் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதே. இந்தப் பாடல்களிலிருந்து தெரிவது ஒன்றுதான்: அவள் காதுக்கு எது ஏற்கெனவே கேட்கிறது, எது இன்னும் கேட்கவில்லை என்பது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

இரண்டாவது பாடலைப் பலமுறை கேட்டேன். "மழை வரும் வழி பார்த்து" என்ற பல்லவி. ஆதி தாளம், அரை இடம் தள்ளி எடுப்பு, அதாவது தாளம் தொடங்கிச் சற்றுக் கழித்துப் பாட்டு தொடங்குகிறது. எடுப்பு உறுதியாக இருக்கிறது, எங்கும் தடுமாறவில்லை. ஆனால் முதல் சொல்லிலேயே ஒரு சிக்கல். 'ம' என்ற குறிலை இரண்டு எண்ணிக்கைக்கு நீட்டிவிட்டு, 'ழை'யை அரை எண்ணிக்கையில் முடித்துவிடுகிறாள். பாடும்போது 'மாழை' என்றுதான் காதில் விழுகிறது. அடுத்து, தாளத்தின் தட்டு 'ரும்' என்ற எழுத்தில் விழுவதால் "மழைவ ரும்வழி" என்று சொற்கள் பிளந்து கேட்கின்றன. பாட்டை எழுதியவளுக்கு வரி மனப்பாடம். ஆகவே அவளுக்கு இது கேட்கவே கேட்காது. முதல்முறை கேட்பவர் என்ன சொல் என்று தேடுவதற்குள் மெட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. பெரிய பாடல்களிலும் குறில் நீள்வதுண்டு. ஆனால் அங்கே சொல் ஒருமுறை முழுதாகக் காதில் விழுந்த பிறகுதான் சங்கதிகளில், அதாவது அதே வரியை மாற்றி மாற்றிப் பாடும்போது, நீளும். இவளும் அதே மெட்டை வைத்துக்கொண்டு 'ம'வைச் சுருக்கி 'ழை'யில் நிற்கட்டும். ஒரு ஸ்வரத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

அதே பாடலில் இன்னொன்று. அனுபல்லவி "குழல்" என்று தொடங்குகிறது. மழை, குழல்: இரண்டாம் எழுத்தில் ழகரம் ஒன்றி வருகிறது. எதுகை பார்த்து எழுதினாளா, தானாக வந்ததா தெரியவில்லை. எப்படியானாலும் அந்த இடத்தில் பல்லவியும் அனுபல்லவியும் ஒன்றையொன்று கைகொடுத்துத் தூக்குகின்றன. இதை ஒருவர்கூட அவளிடம் சொல்லவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். "நன்றாக இருக்கிறது" என்றவர்கள் எல்லாம் எது நன்றாக இருக்கிறது என்று ஒரு விரலை நீட்டிக் காட்டியிருந்தால், வித்வான் சொன்னதைத் தாங்க அவளுக்கு ஒரு பிடிப்பாவது இருந்திருக்கும். இடம் காட்டாத பாராட்டு அன்பாகச் சொல்லப்பட்டாலும் மாணவிக்கு உதவுவதில்லை. வீட்டுக்குப் போய் அதை வைத்துக்கொண்டு அவளால் என்ன செய்ய முடியும்?

வித்வானின் பேச்சுக்கு வருகிறேன். கற்றுக்கொள்ளும் பிள்ளையிடம் அப்படிப் பேசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. படித்ததும் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் எதைக் கேட்டு அப்படிச் சொன்னார் என்று தேடினேன், கிடைத்தது. சரணத்தின் இரண்டாம் வரியில் மத்திம ஸ்வரம் ஒருமுறை தலைகாட்டுகிறது. மோகன ராகத்துக்கு ஸ, ரி, க, ப, த என்று ஐந்து ஸ்வரங்கள்தான்; மத்திமமும் நிஷாதமும் கிடையாது. கீர்த்தனை என்று நினைத்துக் கேட்பவருக்கு அது இலக்கணப் பிழை. மெல்லிசை என்று நினைத்துக் கேட்பவருக்கு அது ஒரு அழகு. அவளிடமே கேள்: அந்த மத்திமத்தை வேண்டுமென்று வைத்தாளா, கை தவறி வந்ததா? வேண்டுமென்று வைத்திருந்தால், பாடிக் காட்டும் முன்பே "இது ராகத்தைத் தழுவிய மெல்லிசை" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிடலாம். கேட்பவர் எந்த அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் எந்த விளக்கமும் வேண்டாம். பாட்டு தன்னைத் தானே சொல்லிக்கொள்ளட்டும்.

ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் கதை உனக்குத் தெரிந்திருக்கலாம். 1874 டிசம்பரில், தாம் எழுதி முடித்த முதல் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமான படைப்பு) பியானோ கலைஞர் நிக்கோலாய் ரூபின்ஸ்டீனுக்கு வாசித்துக் காட்டினார். முதலில் மௌனம். பிறகு மழையாகக் கொட்டியது கண்டனம்: மதிப்பில்லாதது, வாசிக்க முடியாதது, இரண்டு மூன்று பக்கங்கள் தவிர மற்றவை தூக்கி எறிய வேண்டியவை. ஒரு ஸ்வரத்தையும் மாற்றமாட்டேன் என்று சைகோவ்ஸ்கி மறுத்துவிட்டார். மறு ஆண்டே பாஸ்டனில் ஹான்ஸ் ஃபான் பியூலோ என்ற பியானோ கலைஞர் அதை வாசித்தார், வெற்றி பெற்றது. அதே ஆண்டு மாஸ்கோவில் அதை நடத்திக் கொடுத்தவர் அதே ரூபின்ஸ்டீன். கதையை எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் பின்னாளில் சைகோவ்ஸ்கி பியானோ பகுதிகளைத் திருத்தவும் செய்தார், வாசிப்பவர்களின் யோசனைகளையும் ஏற்றார். 'மதிப்பில்லாதது' என்ற தீர்ப்பு பொய்த்தது. சில பகுதிகள் கைக்கு ஒத்துவரவில்லை என்பதில் ஏதோ இருந்தது. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வந்தவை. சூடாக இருக்கும்போது அவற்றைப் பிரித்தெடுக்க சைகோவ்ஸ்கியாலேயே முடியவில்லை. அவர் அப்போது மாணவரல்ல, இசைக் கல்லூரியில் ஆசிரியர். உன் மகளிடம் ஒரு வாரத்தில் அதை எப்படி எதிர்பார்ப்பது?

அதனால் இனிமேல் யார் என்ன சொன்னாலும் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல். பதில் பேச வேண்டாம், நியாயப்படுத்த வேண்டாம். அன்றிரவே பாட்டைத் திருத்தவும் உட்கார வேண்டாம். சில நாள் கழித்து நோட்டைத் திறந்தால், தீர்ப்புகள் வாடியிருக்கும். இடங்கள் மட்டும் நிற்கும். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே இடத்தில் முகம் சுளித்திருந்தால் அந்த இடத்தைக் கவனித்தே ஆக வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னது காத்திருக்கலாம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எங்கே கோளாறு என்று கேட்பவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்வது பல நேரம் தவறாக இருக்கும். முதல் பாடலில் "சரணம் நீளம், குறைத்துவிடு" என்று ஒரு தோழி சொன்னதாக எழுதியிருக்கிறாய். எனக்கும் அங்கே சலிப்பு தட்டியது. ஆனால் சரணம் நீளமே இல்லை, எண்ணிப் பார்த்தேன். அனுபல்லவி முடிந்த அதே ஸ்வரத்தில், அதே நடையில் சரணம் தொடங்குகிறது. புதிதாக ஒன்று தொடங்கியதே காதுக்குத் தெரிவதில்லை. அதனால் அனுபல்லவியே முடியாமல் இழுப்பதுபோல் இருக்கிறது. வரிகளை வெட்டினால் பாட்டு குட்டையாகும், சலிப்பு அப்படியே இருக்கும். சரணத்தைக் கீழே மத்திய ஸ்தாயி ஷட்ஜத்திலிருந்து (ஸ) தொடங்கிப் பார்க்கட்டும்.

மூன்றாவது கணினியில் எழுதிய வாத்திய இசை. இதற்கு என் கருத்தைவிட ஒரு புல்லாங்குழல்காரரின் கருத்துதான் தேவை. வெள்ளிக் குழலின், அதாவது மேற்கத்தியப் புல்லாங்குழலின், மிகக் கீழான ஸ்வரங்களில் மெட்டை வைத்து, மேலே வயலின்களை நிறைத்திருக்கிறாள். கணினி எல்லாவற்றையும் சமமாக ஒலிக்கச் செய்துவிடுகிறது. அந்த ஸ்தாயியில் உண்மையான குழலின் ஒலி மென்மையானது, வயலின்கள் அதை மூடிவிடும். மூச்சு வாங்கவும் இடமே இல்லை. கணினிக்கு நுரையீரல் கிடையாதல்லவா, அது வாசித்துக்கொண்டே போகிறது. வாசிப்பவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாலே போதும். எங்கே அவருக்கு மூச்சு முட்டுகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளட்டும்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதும் ஒரு கல்விதான். பீத்தோவன் 1792இல் வியன்னாவுக்குப் போய் இசையமைப்பாளர் ஹெய்டனிடம் பாடம் கேட்டார். அந்தக் காலத்துக் கவுன்டர்பாயின்ட் (பல மெட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து எழுதும் கலை) பயிற்சிகளில் 245 கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஹெய்டனின் திருத்தம் இருப்பவை 42தான். பிறகு பீத்தோவன் ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்ற ஆசிரியரிடம் போய் அந்தப் பாடத்தை ஒழுங்காகக் கற்றார். ஹெய்டனின் மேதைமைக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. பொறுமையாக வரி வரியாகத் திருத்துவது வேறு திறன், அவ்வளவுதான். ராக இலக்கணத்துக்கு அந்த வித்வானைப் போன்ற ஒருவர், கொஞ்சம் நிதானம் உள்ளவராகக் கிடைத்தால், பொருத்தம். சொல்லுக்குத் தமிழ் வாசிப்பவர் ஒருவர். பாட்டு மனதில் நிற்கிறதா என்பதற்கு உன்னைப் போல இசை படிக்காதவர்.

ஆம், உன்னைத்தான் சொல்கிறேன். "எப்படி இருக்கிறது அப்பா?" என்று கேட்டால் நீ "பிரமாதம்" என்றுதான் சொல்வாய். அவள் வேறு மாதிரி கேட்கட்டும். எந்த இடத்தில் உங்கள் கவனம் விலகியது? எந்தச் சொல் புரியவில்லை? பல்லவி திரும்பி வந்தபோது அடையாளம் தெரிந்ததா? இன்னும் நல்லது, ஒருமுறை பாடிக் காட்டிவிட்டுக் கொஞ்சம் கழித்து "நினைவில் இருப்பதை முணுமுணுத்துக் காட்டுங்கள்" என்று கேட்பது. நீ முணுமுணுப்பது அவள் எழுதியதிலிருந்து மாறியிருந்தால், அதையும் அவள் குறித்துக்கொள்ளட்டும். சில சமயம் கேட்பவரின் நாக்கு மெட்டை இன்னும் இயல்பான வழிக்குக் கொண்டுபோய்விடும்.

இன்னொரு விஷயம், இதை அவளிடம் தவறாமல் சொல். "பார்த்து" என்ற சொல்லில் மெட்டு பஞ்சமத்திலிருந்து (ப) காந்தாரத்தை (க) தொடாமல் ரிஷபத்துக்கு (ரி) தாவி, அங்கேயே கொஞ்சம் காத்திருக்கிறது. வழி பார்க்கும் ஒருத்தியின் காத்திருப்பு அந்த ரிஷபத்தில் அப்படியே இருக்கிறது. மற்ற இடங்களில் அவள் கேட்டு வளர்ந்த பாடல்களின் சாயல் தெரிகிறது, அது இந்த வயதில் இயல்பு. இந்தத் தாவல் மட்டும் யாருடையதும் அல்ல, அவளுடையது. அர்ஜென்டினாவின் தாங்கோ இசையமைப்பாளர் பியாசொல்லா 1954இல் பாரிஸில் நாடியா பூலாஞ்சே என்ற ஆசிரியையிடம் படிக்கப் போனபோது, சிம்பொனி வகையில் எழுதிய தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனாராம். அவற்றில் ஸ்ட்ராவின்ஸ்கியும் பார்டோக்கும் ராவெலும் இருக்கிறார்கள், நீங்கள் எங்கே என்ற பொருளில் அவர் கேட்டாராம். கடைசியில் மறைத்து வைத்திருந்த தாங்கோவை (அவர் நாட்டு நடன இசை) வாசித்துக் காட்டியதும், இதுதான் நீங்கள், இதை விட்டுவிடாதீர்கள் என்றாராம். பியாசொல்லாவே பின்னாளில் நினைவுகூர்ந்தது இது. பூலாஞ்சேயின் இடத்தில் என்னை வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த ரிஷபத்தை விட்டுவிடாதே என்று அவளிடம் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

உன் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி கிறுக்கியிருக்கிறாய்: அந்த இரண்டாவது பாட்டு நாளெல்லாம் வாயில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று. இதை என்னிடம் எழுதினாயே, அவளிடம் சொன்னாயா? எந்த வரி ஓடுகிறது என்றும் சேர்த்துச் சொல். அது "பார்த்து" வரும் வரிதான் என்று பந்தயம் கட்டுவேன்.

இந்தக் கடிதத்தை அவளிடம் முழுதாகக் கொடுக்கலாம். எதையும் ஒளிக்க வேண்டியதில்லை. அவள் ஒத்துக்கொள்ளாத இடங்கள் இருந்தால் எனக்கே எழுதட்டும். குறிப்பாகச் சரணத்தைப் பற்றி நான் சொன்னது அவளுக்குச் சரிப்படாமல் போகலாம், பாடிப் பார்த்தால்தான் தெரியும். 'மழை'யைச் சரிசெய்த பதிவு தயாரானதும் அனுப்பச் சொல். அடுத்த மாதம் என் மாணவர்கள் கூடி ஒருவர் பாட்டை ஒருவர் பாடிப் பார்க்கப்போகிறார்கள். அவள் சம்மதித்தால் இந்தப் பாடலை வேறொரு குரலில் பாடவைத்துப் பதிவுசெய்து அனுப்புகிறேன். தன் பாட்டை இன்னொருவர் தாளைப் பார்த்துப் பாடும்போது, தாளில் எது இல்லை என்பது அவளுக்கே தெரிந்துவிடும்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்