தயிருக்குக் கிடைத்த இடம்

சென்னை மாநகர மருந்துக்கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். இன்சுலினை எங்கே வைத்து விற்கவேண்டும் என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதே அக்கறையை, '2 முதல் 8 டிகிரி செல்சியஸ்' என்று உறையில் அச்சிட்டு வரும் புரோபயாட்டிக் (நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் அடங்கிய) மருந்துகளுக்கும் காட்டுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

கடந்த மே மாதம், நுரையீரல் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்ட என் தாயாருக்கு (வயது 74) வயிற்றுப்போக்கு தொடங்கியது. நோய்க்கிருமியோடு சேர்த்துக் குடலில் நமக்காக உழைக்கும் பாக்டீரியாக்களையும் அந்த மருந்து அழித்துவிடுவதால் இப்படி ஆவதுண்டு என்று விளக்கிய மருத்துவர், லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் கேப்சூல் எழுதிக்கொடுத்தார். வீட்டருகே ஒரு கடையில் வாங்கி ஆறு நாள் கொடுத்தேன். அந்த ஆறு இரவுகளும் கழிவறைத் தாழ்ப்பாளின் சத்தத்தை எண்ணியபடியே படுத்திருந்தேன். ஓர் இரவில் ஒன்பது முறை கேட்டது. என் தூக்கம் கெடக்கூடாதென்று விளக்கைக்கூடப் போடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டே அவர் நடந்துபோவார்.

ஏழாம் நாள்தான் உறையைத் திருப்பிப் படித்தேன். கடைக்குப் போய்ப் பார்த்தால், அக்னி நட்சத்திர வெயில் நேரே விழும் முன் அலமாரியில் அந்தப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. குளிர்சாதனப் பெட்டிக்குள் குளிர்பானங்களும், கடைக்காரரின் மதியச் சாப்பாட்டுக்கான தயிர் டப்பாவும் இருந்தன. "எல்லாரும் இப்படித்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். தயிரிலுள்ள பாக்டீரியாவுக்குக் கிடைத்த மரியாதை, மருத்துவர் சீட்டில் எழுதிய பாக்டீரியாவுக்குக் கிடைக்கவில்லை.

வெயில்தான் மருந்தைக் கெடுத்தது என்று நான் சாதிக்க வரவில்லை. இந்த மருந்து எல்லோருக்கும் ஒரேபோலக் கேட்பதுமில்லை. ஆனால், போதிய அளவில் உட்கொள்ளும்போது நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக் என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் 2001இல் வரையறுத்தன. உயிர் போய்விட்டால், குடற்சுவரில் கெட்ட கிருமிக்கு இடங்கொடாமல் அமர்வது யார்? குடலைச் சூழ்ந்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களைத் தட்டியெழுப்புவது யார்? பேசில்லஸ் கிளாசி போலச் சில பாக்டீரியா வகைகள் ஸ்போர் வடிவில், அதாவது கடினமான ஓட்டுக்குள் உறங்கும் நிலையில், இருப்பதால் சூட்டைத் தாங்கும். அவற்றை வெளியே வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. உறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எந்த வகை, எவ்வளவு என்பதெல்லாம் வெறும் நுணுக்கமல்ல. ஒடிசாவில் 4,500க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், குறிப்பிட்ட ஒரு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் வகையை அதற்கான நார்ச்சத்தோடு கொடுத்தபோது, கடும் தொற்றும் இறப்பும் சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2017இல் வெளியிட்டார்கள். நம் கடைகளிலோ கொரோனாவுக்குப் பின் 'இம்யூனிட்டி' என்று அச்சிடாத டப்பாவைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். எந்த வகை பாக்டீரியா, எத்தனை கோடி என்ற விவரம் பூதக்கண்ணாடிக்கும் அகப்படாது. இதற்குப் பழைய சோற்று நீராகாரமே மேல் என்று தோன்றுகிறது. ஸ்டான்லி மருத்துவமனை மருத்துவர்கள் அதை ஆய்வுக்கு எடுத்ததில் வியப்பில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். குளிரில் வைக்கவேண்டியதைக் குளிரில் வையுங்கள். விற்கும்போது "வீட்டிலும் ஃபிரிட்ஜில் வையுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பினால் ஐஸ் பையோடு அனுப்புங்கள். அடுத்த கோடைக்குள் இதைச் செய்துதருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை