இம்பூறல் பூத்திருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டதும் கொல்லைக்குப் பின்னால் மணல்மேட்டில் இம்பூறல் பூத்திருக்கிறது. நூல் மாதிரித் தண்டு, கடுகளவு வெள்ளைப் பூ, நாலே இதழ். குனிந்தால்தான் கண்ணில் படும். வேரைப் பிடுங்கிச் சுண்ணாம்பில் தேய்த்துச் சிவப்பாக்கி அப்பத்தா சேலையில் பூசி அடி வாங்கினாயே, அதே செடி. சாயவேர் என்று ஒரு காலத்தில் இராமேஸ்வரம் பக்கம் தோண்டி விற்றது. படிகாரத்தில் ஊறிய துணி அதில் இரத்தச் சிவப்பாகும். கம்பெனிச் சாயம் வந்து அந்தப் பிழைப்பைக் கெடுத்தது. இப்போது நீ திருப்பூரில் கம்பெனிச் சாயத்துக்குள்ளேயே நிற்கிறாய்.

குறையாகச் சொல்லவில்லை. கடனை அடைத்தது நீதான், ஊரே சொல்கிறது. ஆனால் முளைக்கொட்டுத் திருவிழாவுக்கு வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை.

அக்கா மகள் பெரியவள் ஆனதை எழுதத்தான் உட்கார்ந்தேன், அது கிடக்கட்டும். போனில் இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாய். பொத்தினாலும் கேட்கிறது. கேட்டால் தூசி என்கிறாய். அப்பாவும் உப்புக்காற்று என்றுதான் சொன்னார்.

“இம்பூறல் காணாது இரத்தம் கக்கிச் செத்தானே” என்று அப்பத்தா சொல்லுமே. இம்பூறல் நம் கொல்லையில் நிறையவே இருந்தது. அப்பா துண்டில் இரத்தம் பார்த்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். அக்காவைப் பெண் பார்த்துப் போயிருந்த நேரம். காசநோய் என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று, இலையை அரிசிமாவில் பிசைந்து அடை தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மூன்று மாதம். அப்பாதான் ஆஸ்பத்திரி வேண்டாமென்று பிடிவாதம் பிடித்தார் என்று உங்களிடம் சொன்னேன். அவர் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை, தம்பி. “போவோமா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் சளியைக் கொடுத்துப் பார். மாத்திரை இலவசம், ஆறு மாதம் நடுவில் விடாமல் தின்ன வேண்டும் என்று நர்ஸம்மா சொல்கிறார். ஒன்றுமில்லை என்றால் சந்தோஷம், அதையும் டாக்டர் சொல்லட்டும். நெஞ்சுப் படமும் எடு. லீவு தரமாட்டார்கள் என்று சொல்லாதே.

நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுகிறேன். இம்பூறல் பறித்து அனுப்பமாட்டேன், கேட்காதே.

அக்காவுக்கு இது இன்னும் தெரியாது.

அம்மா