மெரினா வான் சாகச நிகழ்ச்சி: பழைய விமானங்களுக்கும் பார்க்க வரும் மக்களுக்கும் வானிலை வரம்பு வகுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
ஐஸ் ஹவுஸ் பகுதிக் குடியிருப்போர் சார்பில்,
விமானப் படையில் இன்ஜின் ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.

பெறுநர்:
உயர்திரு ஒருங்கிணைப்பு அதிகாரி அவர்கள்,
வான் சாகச நிகழ்ச்சி ஏற்பாடுகள், சென்னை.

பொருள்: அடுத்த முறை மெரினாவில் நிகழ்ச்சி நடந்தால் அதை அதிகாலையில் வைக்கவும், வானிலை வரம்பை எழுத்தில் முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டுதல்.

பார்வை: இதே பொருளில் நாங்கள் கொடுத்த முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. பதில் கிடைக்கவில்லை. தங்கள் வேலைப்பளு தெரிந்தும் மறுபடி எழுதுகிறோம், பொறுத்தருள வேண்டும்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் 72 விமானங்கள் பறந்தன. அவற்றில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பழைய விமானங்களான டகோட்டாவும் ஹார்வர்டும் இருந்தன. நான் போனது அந்த டகோட்டாவுக்காகத்தான். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் நம் வீரர்களைக் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாவின் எண்ணான வி.பி. 905-ஐத்தான் இன்று விமானப் படையிடம் உள்ள ‘பரசுராமா’ என்ற டகோட்டாவும் தாங்கி நிற்கிறது. அது பறக்க வேண்டும், பிள்ளைகள் பார்க்க வேண்டும். நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி இந்த மனு இல்லை.

ஆனால் அன்று வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அதனால்தான் கீழ்க்கண்டவற்றைக் கேட்கிறோம்.

1. கண்ணால் பார்த்து ஓட்டும் விமானங்களுக்கு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருக்கும் விமான நிலையத்தில் மேகத்தின் அடிமட்டம் 1,500 அடிக்கும் பார்வைத் தூரம் 5 கிலோமீட்டருக்கும் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. புது விமானத்துக்கும் இதே அளவுதான். கடலுக்கு மேல் தாழப் பறக்கும் பழைய விமானத்துக்கு இது போதாது. அக்டோபரில் கடல் பக்கம் புகைமூட்டம் போட்டால் வானமும் தண்ணீரும் சேரும் கோடே தெரியாது. விமானி எதை வைத்து இறக்கையை மட்டம் பார்ப்பார்? இதற்கு மேல் ஒரு வரம்பு வைத்து அதை வெளியிடுங்கள்.

2. காற்று. டகோட்டாவும் ஹார்வர்டும் வால் சக்கர விமானங்கள். தரையிறங்கி ஓடும்போது பக்கவாட்டில் காற்று அடித்தால் மூக்கு காற்றுப் பக்கமே திரும்பப் பார்க்கும். வெயில் நாளில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழையும், அது தாம்பரம் விமானப் படைத் தளம் போய்ச் சேர இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். பகல் ஒரு மணிக்கு முடித்துவிட்டுத் திரும்பும் விமானம், புறப்பட்டபோது இருந்த காற்றில் இறங்காது. பிற்பகலானால் இடிமேகமும் திரளும் மாதம் அக்டோபர்.

3. வெப்பம். எங்களுக்கு இதுதான் முக்கியம், ஐயா. விமானத்தின் திறன் கணக்குகள் கடல் மட்டத்தில் 15 டிகிரி என்பதை அடிப்படையாகக் கொண்டவை. சென்னையில் 35 டிகிரி அடிக்கும்போது காற்று லேசாகி, மெரினா மணல் மட்டத்திலேயே ஏறக்குறைய 2,400 அடி உயரத்தில் இருப்பதுபோல இன்ஜின் வலு குறையும். டகோட்டாவின் இரண்டு இன்ஜின்களும் காற்றால் குளிர்பவை. புறப்பட வரிசையில் காத்து நிற்கும்போது சிலிண்டர் தலைச் சூட்டைக் காட்டும் முள் மெல்ல மெல்ல ஏறும். இன்ஜினைச் சுற்றிக் காற்றை வெளியே விடும் மடல்களான கௌல் ஃபிளாப்பை முழுதாகத் திறந்துவைத்து, விமானிகள் அந்த முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். முள் எல்லைக் கோட்டைத் தொட்டால் புறப்பட மாட்டார்கள். சுவிட்சர்லாந்தில் 2018 ஆகஸ்ட் 4 அன்று, முன்பு அந்நாட்டு விமானப் படையில் இருந்த யுங்கர்ஸ் 52 ரகப் பழைய விமானம் ஒன்று மலையில் விழுந்து 20 பேர் இறந்தார்கள். குறுகிய பள்ளத்தாக்கில் ஆபத்தாகத் தாழப் பறந்ததைத்தான் விசாரணை முதன்மையாகச் சொன்னது. ஆனாலும் அன்றைய வெயிலில் காற்று லேசாகியிருந்ததும் அந்தக் கணக்கில் வந்தது.

இன்ஜினுக்கு ஒரு கோடு இருக்கிறது. அதே வெயிலில் மணலில் நின்றவர்களுக்கு யார் கோடு போட்டது? உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை அந்த மணலில் எங்கே நிழல் இருக்கிறது என்று தங்களுக்கே தெரியும். பதினொரு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சிக்கு இடம் பிடிக்க ஜனங்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். என் பக்கத்து வீட்டு அம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முந்தானையைப் பையன் தலையில் போர்த்திவிட்டுத் தான் வெறும் தலையோடு நின்றார். டகோட்டா வந்தபோது பையனுக்குக் காட்டக் கையைத் தூக்கினார், அப்படியே சாய்ந்துவிட்டார். தொட்டுப் பார்த்தேன், உடம்பு அனலாகக் கொதித்தது, வியர்வை நின்றுபோயிருந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாரும் அவர் மேல் ஊற்றினார்கள். காமராஜர் சாலை வரை தூக்கிக்கொண்டு வந்தால், சாலையில் வண்டி நகர வழியில்லை. ஐஸ் ஹவுஸ் சந்துக்குள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து கிடத்தினோம். பிழைத்துக்கொண்டார். அப்புறம் வெயிலில் வெளியே வருவதே இல்லை. பையன் இப்போதும் விமானச் சத்தம் கேட்டால் பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்கிறான்.

4. ஆகவே நிகழ்ச்சியைக் காலை 7 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடியுங்கள். காற்று அடங்கியிருக்கும், இன்ஜின் சூடு கட்டுக்குள் இருக்கும், மக்களும் தாங்குவார்கள். அந்த நேரத்தில் மூட்டம் இருந்தால்? முதல் நாள் மாலையே வரம்பைத் தமிழில் அறிவித்து, அன்று காலை 5 மணிக்குப் பறக்குமா பறக்காதா என்று சொல்லிவிடுங்கள். மாற்று நாளும் குறியுங்கள். மந்திரி வருகிறார், மேடை போட்டாயிற்று என்பதற்காக வரம்பு நகரக் கூடாது.

5. மக்களுக்கும் ஒரு வெப்ப வரம்பு. அதைத் தாண்டினால் நிகழ்ச்சி நிற்க வேண்டும். நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று எழுதிவைக்க வேண்டும். ஐயா, இதைத்தானே முந்தைய மனுவிலும் கேட்டோம்? அதற்கு முந்தையதிலும் கேட்டோம்! கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. வேறு பிரிவைக் கேளுங்கள் என்கிறார்கள், அங்கே போனால் இங்கே அனுப்புகிறார்கள். ஐந்து வீடுகளில் சாவு விழுந்த பிறகும் ஒரு பக்க அறிவிப்பு எழுத இவ்வளவு யோசனையா? எந்த விமானத்தையும் ஒரு தாளில் கையெழுத்து இல்லாமல் பறக்க விட்டதில்லை நாங்கள். இத்தனை லட்சம் பேரை வெயிலில் நிறுத்த மட்டும் எந்தத் தாளும் வேண்டாமா?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான்: காலை நேரம், எழுத்தில் வரம்பு, முன்கூட்டியே அறிவிப்பு. அடுத்த நிகழ்ச்சிக்குத் தேதி குறிக்கும் முன்பே இதை முடிவு செய்து, ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் பதில் தருமாறு மிகவும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஐஸ் ஹவுஸ் பகுதிக் குடியிருப்போர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், குடியிருப்போர் கையொப்பங்கள்.